பிடியும் மையமும்: காரைக்கால் லேத் பட்டறைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. களமும் கேள்வியும்

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்நாட்களில் காரைக்கால் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. படகைக் கரையேற்றி, பலகையைப் பார்த்து, வண்ணம் பூசி, இன்ஜினை இறக்கிச் சரிசெய்யும் காலம் அது. படகுக்காரருக்குக் கடலில் வேலையில்லாத அந்த இரண்டு மாதம்தான் லேத் பட்டறைக்காரருக்கு மூச்சுவிட நேரமில்லாத மாதம். உப்பில் தேய்ந்த புரொப்பல்லர் ஷாஃப்ட், துளை பெருத்துப்போன கன்மெட்டல் புஷ், முகம் சாய்ந்த கப்ளிங் என்று வரிசையாக வந்து நிற்கும். தடைக்காலம் முடிந்தாலும் சுற்றியுள்ள வயல்களிலிருந்து பம்புசெட்டும் அறுவடை இயந்திரமும் வந்துகொண்டே இருக்கும். கடலும் காவிரிப் பாசனமும் சேர்ந்து வேலை கொடுக்கும் ஊர் இது.

உலோகம் கடையும் தொழில் இந்த வட்டாரத்துக்குப் புதிதன்று. காரைக்காலுக்குத் தெற்கே நாகப்பட்டினத்தில்தான் தென்னிந்திய ரயில்வேயின் பெரிய பட்டறை இருந்தது. 1928-ல் அது திருச்சி பொன்மலைக்கு மாறியது. மேற்கே கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோயிலில் வார்த்தெடுத்த பித்தளைக் குத்துவிளக்கைக் கடைந்து மெருகேற்றும் வேலை இன்றும் நடக்கிறது. தயிர் கடைவதற்கும் உலோகம் கடைவதற்கும் தமிழில் ஒரே வினைச்சொல்தான். பழைய கைக்கடைசலில் ஒருவர் கயிற்றை முன்னும் பின்னும் இழுக்க, மற்றவர் உளி பிடிப்பார். மத்தைச் சுழற்றும் அதே அசைவு அது. சொல் ஒன்றாக இருப்பதற்கு அதுவே காரணம் என்று தோன்றுகிறது. ஆனால் மத்து கொஞ்சம் ஆடினாலும் வெண்ணெய் திரண்டுவிடும். படகின் ஷாஃப்ட் ஆடினால் புஷ் தேயும், தண்ணீர் ஏறும், நடுக்கடலில் இன்ஜின் உதறும்.

லேத்தில் பிடித்த வேலைப்பொருள், அதாவது ஜாப், ஏன் ஆடுகிறது, ஆடாமல் ஓட வைப்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ஜாப்பைப் பிடிக்கும் சக்கைப் புதிதாக வாங்கினால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை பாதிதான் சரி என்பது என் முடிவு. சக்கின் வேலை பிடிப்பது; மையத்தைத் தருவது சக்கைச் சுழற்றும் ஸ்பிண்டில். ஒரே பிடியில் வெட்டிய பரப்புகள் எல்லாம், சக்கு எவ்வளவு மோசமாக இருந்தாலும், ஒன்றுக்கொன்று மையம் தவறாமல் இருக்கும். ஜாப்பைக் கழற்றி மறுபடி பிடிக்கும்போதுதான் சக்கின் குறை ஜாப்பில் ஏறுகிறது. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் அதிலிருந்து வரும்.

2. 'அவுட்' என்பது என்ன

பட்டறையில் 'அவுட் அடிக்குது' என்பார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு பிழைகள் கலந்திருக்கின்றன. முதலாவது, ஜாப்பின் மையக்கோடு ஸ்பிண்டில் மையக்கோட்டுக்கு இணையாகவே இருந்து ஒரு பக்கம் விலகி நிற்பது. இரண்டாவது, மையக்கோடே சாய்ந்திருப்பது. சாய்வு இருந்தால் சக்கின் தாடைக்குப் பக்கத்தில் வைத்த டயல் கேஜின் முள் அசையாது. 100 மில்லிமீட்டர் தள்ளி வைத்தால் துள்ளும். அதனால் டயலை ஒரே இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லக்கூடாது. தாடையை ஒட்டி ஒரு முறை, வெளியே தள்ளி ஒரு முறை என இரண்டு இடத்தில் படிப்பது கட்டாயம். முதல் அளவு விலகலைக் காட்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சாய்வைக் காட்டும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிட வேண்டும். டயல் காட்டும் மொத்த அசைவு, மையம் விலகிய தூரத்தைப்போல இரண்டு மடங்கு. முள் 0.10 மில்லிமீட்டர் ஓடினால் மையம் 0.05 மட்டுமே விலகியிருக்கிறது. நல்ல நிலையில் உள்ள சாதாரண த்ரீ ஜா (மூன்று தாடை) சக்கில் டயலில் 0.05 முதல் 0.10 வரை காண்பது இயல்பு. அதைக் கண்டு சக்கினைக் குறைசொல்வது நியாயமில்லை. அந்தச் சக்கு அவ்வளவுக்குத்தான் செய்யப்பட்டது.

3. பிழை யாருடையது

ஆட்டம் கண்டதும் சுத்தியலை எடுப்பவர்கள் உண்டு. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, இந்த ஆட்டம் யாருடையது என்பது. ஜாப்புடையதா, தாடையுடையதா, சக்கைத் தாங்கும் பேக் பிளேட்டுடையதா, ஸ்பிண்டிலுடையதா? நான்கு பேரில் ஒருவரைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது.

கிரைண்டிங் செய்த நேரான ராடு ஒன்றைப் பிடித்து, டயல் உச்சம் காட்டும் இடத்தில் ராடிலும் பக்கத்துத் தாடையிலும் சாக்பீஸால் குறி போட வேண்டும். தாடையைத் தளர்த்தி, ராடை மட்டும் அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி பிடிக்க வேண்டும். உச்சம் ராடோடு நகர்ந்தால் குற்றம் ராடுடையது. அதே தாடையின் பக்கமே நின்றால் குற்றம் சக்கிலோ அதற்குப் பின்னாலோ இருக்கிறது. அடுத்து சக்கினைக் கழற்றி, ஸ்பிண்டில் மூக்கிலும் பேக் பிளேட் விளிம்பிலும் முகத்திலும் டயல் வைத்துப் பார்க்கலாம். டி1 கேம்லாக் மூக்கு உள்ள லேத்தில் சக்கினை வேறொரு ஊசி நிலைக்கு மாற்றிப் பூட்டியும் பார்க்கலாம். உச்சம் இப்போது ஸ்பிண்டிலின் அதே பக்கத்தில் நின்றால் உட்காரும் இடத்தில் ஏதோ இருக்கிறது. மரையேற்றும் பழைய மூக்கில் இந்த வசதி கிடையாது. முள் ஒவ்வொரு சுற்றிலும் வேறு வேறு இடத்தில் உச்சம் காட்டினால், அல்லது ராடுக்கு அடியில் கட்டை கொடுத்து நெம்பும்போது தாவினால், பேரிங் தளர்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் சக்கில் எவ்வளவு வேலை பார்த்தாலும் பயனில்லை.

காரைக்காலில் இந்த விசாரணை பெரும்பாலும் சின்ன இடத்தில் முடிந்துவிடும். கேம்லாக் மூக்கின் குட்டைச் சரிவு 7 டிகிரி 7 நிமிடம் 30 விநாடிக் கோணத்தில் கடைந்தது. அந்தச் சரிவும் அதன் பின்முகமும் ஒருசேரப் பொருந்தினால்தான் சக்கு நேராக உட்காரும். நடுவில் தலைமுடி அளவு சுருள் சிக்கினால் போதும், சக்கு சாய்ந்துவிடும். கடற்காற்றில் கழற்றி வைத்த பேக் பிளேட்டில் ஒரே வாரத்தில் துரு படர்கிறது. பூட்டுவதற்கு முன் மூக்கையும் பேக் பிளேட்டையும் டீசலில் துடைத்து, விரல் நுனியால் தடவிப் பார்த்து, மெல்ல எண்ணெய் பூசிப் பூட்டுவது பத்து நிமிட வேலை. 'சக்கு கெட்டுப்போச்சு' என்ற புகாரில் பெரும்பங்கு இந்தப் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும் என்று உறுதியாகச் சொல்வேன்.

4. த்ரீ ஜா சக்கின் உள்ளே

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த சைமன் ஃபேர்மன் 1840-ல் ஸ்க்ரோல் சக்குக்குக் காப்புரிமை பெற்றார். அடிப்படை இன்றும் அதுவே. உள்ளே ஒரு வட்டத் தகடு. அதன் முகத்தில் கொசுவத்திச் சுருள்போல ஒரு மரை. மூன்று தாடைகளின் முதுகிலுள்ள பற்கள் அந்தச் சுருளில் கோத்திருக்கும். சாவியால் பினியனைத் திருப்பினால் தகடு சுழலும், மூன்று தாடைகளும் ஒருசேர உள்ளே வரும்.

இந்த வசதிக்குள்ளேயே இதன் குறையும் இருக்கிறது. சுருளின் வளைவு மையத்துக்குப் பக்கத்தில் இறுக்கமாகவும் விளிம்பில் விரிந்தும் இருக்கும். தாடைப் பல்லின் வளைவோ மாறாதது. ஆகவே பல்லும் சுருளும் எல்லா விட்டத்திலும் முழுப் பரப்பாகப் பொருந்த வழியில்லை. 25 மில்லிமீட்டர் ராடில் நன்றாக ஓடும் சக்கு 60-ல் ஆடுவதற்கு இது ஒரு காரணம். எப்போதும் ஒரே அளவு ராடு பிடிக்கும் பட்டறையில் சுருளின் அந்தப் பகுதி மட்டும் தேய்ந்து போவது இன்னொரு காரணம். சக்கின் துல்லியம் என்பது ஒரே எண் அன்று. விட்டத்துக்கு விட்டம் மாறும் அட்டவணை அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று நான்கு அளவு ராடுகளைப் பிடித்துப் பார்த்து, அந்த அட்டவணையைச் சுவரில் எழுதி வைத்துக்கொண்டால் ஆண்டு முழுவதும் உதவும்.

தாடைகளில் 1, 2, 3 என்று எண் பொறித்திருக்கும். அந்தந்தப் பள்ளத்தில் அந்தந்தத் தாடையை வரிசையாகத்தான் ஏற்ற வேண்டும். மாற்றி ஏற்றினால் சுருள் இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு விலகி நிற்கும். அது கண்ணுக்கே தெரியும். அடுத்தது பலருக்கும் தெரியாதது: மூன்று பினியன்களில் எதைக் கொண்டு இறுக்குகிறோம் என்பதைப் பொறுத்தும் அவுட் மாறும். இறுக்கும்போது சுருள்தகடு அந்தப் பினியனின் எதிர்ப்பக்கம் சற்றுத் தள்ளப்படுவதே காரணம். மூன்றிலும் இறுக்கிப் பார்த்து, குறைந்த அளவு காட்டும் பினியனுக்கு அருகில் சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு, கடைசி இறுக்கத்தை எப்போதும் அதிலேயே கொடுக்க வேண்டும். செலவில்லாமல் கிடைக்கும் துல்லியம் இது.

தாடைகளின் வாய் விரிந்துபோவதுதான் இந்த ஊரில் நான் கண்ட பெரிய நோய். குட்டையான ஜாப்பையே நுனியில் பிடித்துப் பிடித்துத் தாடையின் முன்பகுதி தேய்ந்து, பின்பகுதி மட்டும் பிடிக்கும். ராடைப் பிடித்துத் தாடை நுனியில் சிகரெட் தாள் நுழைகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். நுழைந்தால், ஜாப் ஓரிடத்தில் மட்டும் பிடிபட்டு நுனியில் தலையாட்டும். தாடைகளை லேத்திலேயே அரைத்துச் சீராக்கலாம். ஆனால் வெறுமனே அரைக்கக்கூடாது. ஜாப்பை இறுக்கும்போது தாடைகள் எந்தப் பக்கம் சாய்கின்றனவோ, அரைக்கும்போதும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்க வேண்டும். அதற்காகத் தாடைகளுக்கு இடையில் அரைக்கும் பரப்பை மறைக்காதபடி ஒரு தகட்டையோ வளையத்தையோ கொடுத்து இறுக்கி வைத்து அரைக்க வேண்டும். அரைத்தூள் விழாமல் பெட்டை ஈரத் துணியால் மூட வேண்டும். இவ்வளவு செய்தும், அரைத்த விட்டத்தில்தான் சக்கு மிகச் சரியாக ஓடும். மற்ற விட்டங்களில் சுருளின் குணமே பேசும்.

விலகல் மட்டும் இருந்து சாய்வு இல்லாவிட்டால் வேறு வழி உண்டு. சக்கு உட்காரும் பேக் பிளேட் மேட்டின் விட்டத்தை 0.2 மில்லிமீட்டர் குறைத்துவிட்டு, போல்ட்டுகளை அரைகுறையாக இறுக்கி, டயலைப் பார்த்துக்கொண்டே ரப்பர் சுத்தியலால் தட்டி மையத்துக்குக் கொண்டுவந்து முழுக்க இறுக்கலாம். பிராட் பர்னெர்டின் கிரிப்ட்ரு போன்ற விலை கூடிய சக்குகளில் இதே வேலைக்குத் திருகுகள் வைத்திருக்கிறார்கள். சதுரக்கம்பி கடைவதுபோல டூலில் மோதி மோதி வெட்டும் வேலைக்கு இந்தத் தட்டிய சக்கு ஆகாது, நகர்ந்துவிடும்.

5. ஃபோர் ஜா

நான்கு தாடையும் தனித்தனியே நகரும் சக்குக்குச் சுருள் கிடையாது. ஆகவே சுருளின் பிழையும் கிடையாது. நேரம் அதிகம் பிடிக்கும் என்று அதை ஒதுக்குவது பழக்கக் குறைவுதான். முகத்திலுள்ள வட்டக்கோடுகளைப் பார்த்து ஏறக்குறைய நிறுத்திவிட்டு, 1-ம் 3-ம் தாடைகளின் நேரில் டயலைப் படிக்க வேண்டும். ஒன்றில் 0, மற்றதில் 0.46 என்றால் நகர்த்த வேண்டியது 0.23. உயர்ந்த பக்கத்துக்கு எதிர்த்தாடையை முதலில் தளர்த்தி, பிறகு உயர்ந்த பக்கத்தை இறுக்க வேண்டும். அந்த ஜோடி முடிந்த பிறகே அடுத்த ஜோடிக்குப் போக வேண்டும். கடைசி இரண்டு மூன்று நூறிலொரு பங்கை, தளர்த்தாமல் இறுக்கியே எடுக்க வேண்டும். பழகியவர் கைக்கு ஐந்து நிமிடத்தில் 0.01-க்குள் வந்துவிடும். சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு மோட்டாரைப் போடக்கூடாது என்பதை ஒவ்வொரு புதுப் பையனுக்கும் முதல்நாளே சொல்லியாக வேண்டும். நான்கு முறை சாவி போடும் சக்கில் மறதிக்கு வாய்ப்பும் நான்கு மடங்கு.

6. ஒரே பிடி: கன்மெட்டல் புஷ்

படகின் பின்குழாயில் உட்காரும் கன்மெட்டல் புஷ்ஷை எடுத்துக்கொள்வோம். வெளிவட்டம் குழாயில் இறுக வேண்டும்; உள்துளை ஷாஃப்டுக்குச் சற்றுத் தளர்வாக இருக்க வேண்டும்; இரண்டும் ஒரே மையத்தில் அமைய வேண்டும். வழக்கமாகச் செய்வது என்ன? வெளிவட்டம் கடைந்து, கழற்றித் திருப்பி, த்ரீ ஜாவில் பிடித்து, துளை போடுவது. திருப்பிய அந்த நொடியிலேயே 0.08 நுழைந்துவிட்டது. அதன் பிறகு எவ்வளவு கவனமாகத் துளை போட்டாலும் அந்த 0.08 போகாது.

வார்க்கக் கொடுக்கும்போதே பிடிப்பதற்கு ஒரு விரற்கடை நீளம் கூடுதலாகக் கேட்க வேண்டும். அந்தக் கூடுதல் நீளத்தைப் பிடித்து, வெளிவட்டம், துளை, முகம் மூன்றையும் ஒரே பிடியில் முடித்து, கடைசியில் அறுத்தெடுக்க வேண்டும். சக்கு அரை மில்லிமீட்டர் ஆடினாலும் புஷ்ஷில் ஆட்டம் இருக்காது. கூடுதல் கன்மெட்டல் செலவாகிறது என்று படகுக்காரர் முகம் சுளிப்பார். அறுத்த துண்டையும் சுருளையும் எடைக்குத் திருப்பித் தந்தால் அந்தக் கவலை பெரிதும் குறையும்.

கூடுதல் நீளம் இல்லாத புஷ் வந்தால், முதலில் துளையை முடித்து, 2000-க்கு 1 என்ற அளவில் மெல்லச் சரியும் மாண்ட்ரலில் ஏற்றி, இரண்டு சென்டருக்கு இடையில் வெளிவட்டம் கடைவது நல்லது. அல்லது கடினப்படுத்தாத மென்தாடைகளை அந்த விட்டத்துக்கே துளைபோட்டுப் பிடிக்கலாம்.

சுவர் மெல்லிய புஷ்ஷில் இன்னொரு பொறி இருக்கிறது. மூன்று தாடையின் அழுத்தத்தில் புஷ் மூன்று இடத்தில் உள்வாங்கி நிற்கும். அந்த நிலையில் துளை அழகான வட்டமாக வெட்டப்படும். கழற்றியதும் புஷ் பழைய வடிவுக்கு மீள, துளை மூன்று மூலை வட்டமாகிவிடும். கொடுமை என்னவென்றால், எதிரெதிர்ப் புள்ளிகளைத் தொட்டு அளக்கும் மைக்ரோமீட்டருக்கு இந்த வடிவம் தெரிவதேயில்லை. எந்தப் பக்கம் அளந்தாலும் ஏறக்குறைய ஒரே எண். ஷாஃப்டை நுழைத்தால்தான் பிடிக்கும். ரஃப் வெட்டு முடிந்ததும் தாடைகளைத் தளர்த்தி, புஷ் வழுக்காத அளவுக்கு மட்டும் மெல்ல இறுக்கிக் கடைசி வெட்டைக் கொடுப்பதே மருந்து. வெட்டிய சூட்டோடு அளப்பதும் தவறு. 50 மில்லிமீட்டர் வெண்கலம் 15 டிகிரி கூடுதல் சூட்டில் 0.013 பெருத்திருக்கும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் இது புறக்கணிக்கும் அளவன்று.

7. நீள ஷாஃப்ட்: சக்கு வேண்டாத இடம்

புரொப்பல்லர் ஷாஃப்டை ஒருமுனையில் சக்கில் இறுக்கி, மறுமுனையில் டெயில் ஸ்டாக் சென்டர் கொடுப்பது எங்கும் காணும் காட்சி. இரண்டு பிடியும் இரண்டு மையத்தைச் சொன்னால், நடுவிலுள்ள ஷாஃப்ட் வில்லாக வளைந்துதான் இரண்டுக்கும் பணிய வேண்டும். வளைந்தபடியே வெட்டி முடித்துக் கழற்றினால் நிமிரும். லேத்தில் ஆடாத ஷாஃப்ட் படகில் ஆடும். லேத்காரர் படகு இன்ஜினைக் குறைசொல்வார், இன்ஜின் மெக்கானிக் லேத்தைக் குறைசொல்வார். இருவருமே நேர்மையாகத்தான் பேசுவார்கள்.

இரண்டு முனையிலும் 60 டிகிரி சென்டர் போட்டு, கேரியர் பூட்டிச் சுழற்றுவதே முறையான வழி. அப்போது எத்தனை முறை கழற்றி ஏற்றினாலும் மையம் மாறாது. சக்கில்தான் பிடித்தாக வேண்டும் என்றால், ஷாஃப்டின் முனையில் தாமிரக் கம்பியை ஒரு சுற்றுச் சுற்றி, அந்தக் கம்பியின் மேல் மட்டும் தாடை படும்படி பிடிக்கலாம். கம்பி கீல்போல் வேலை செய்யும். சாய்வு ஷாஃப்டுக்குப் போகாது.

தேய்ந்த ஷாஃப்டை வெல்டிங்கில் ஏற்றிக் கடையும் வேலையில் முதல் கேள்வி எந்தப் பரப்பை நம்புவது என்பது. பேக்கிங் ஓடிய இடமும் புஷ் ஓடிய இடமும் பள்ளம் விழுந்திருக்கும். வெல்டிங் சூட்டில் ஷாஃப்ட் வளைந்தும் இருக்கலாம். பழைய சென்டர் குழி அடிபட்டிருக்கும். அப்போது தேயாத இடத்தைத் தேட வேண்டும். கப்ளிங் உட்கார்ந்திருந்த பகுதி உப்பு படாமல் புதிதுபோலவே இருக்கும். வி-பிளாக்கில் வைத்து வளைவை நீக்கிய பிறகு, அந்தப் பகுதியை ஃபோர் ஜாவில் டயல் வைத்து நிறுத்தி, மறுமுனையில் தேயாத ஒரு பட்டையை ஸ்டெடியில் தாங்கி, சென்டர் குழியைப் புதிதாகப் போட வேண்டும். மற்றதெல்லாம் அந்தக் குழிகளை நம்பி நடக்கும். அரை நாள் இதிலேயே போகும். அந்த அரை நாளுக்குக் கூலி கேட்கக் கூச்சப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன்; கேட்க வேண்டும், அதுதான் வேலையே.

புரொப்பல்லர் உட்காரும் சரிவையும் இதே சென்டர்களில் வைத்தே கடைய வேண்டும். 10-க்கு 1 சரிவுக்குக் காம்பவுண்ட் ஸ்லைடை ஏறக்குறைய 2 டிகிரி 52 நிமிடமும், 16-க்கு 1 சரிவுக்கு 1 டிகிரி 47 நிமிடமும் திருப்ப வேண்டும். பழைய புரொப்பல்லரின் துளையில் நீலம் தடவிப் பொருத்திப் பார்க்காமல் முடித்ததாக எண்ணக்கூடாது.

8. கப்ளிங்கிலிருந்து படகுக்கு

கப்ளிங்கைத் தனியே சக்கில் பிடித்து முகம் வெட்டித் தருவது போதாது. ஷாஃப்டின் பள்ளத்தில் சாவித்துண்டு போட்டு இறுக்கியபின் அது எப்படி உட்காரும் என்று சக்குக்குத் தெரியாது. கப்ளிங்கை ஷாஃப்டில் பூட்டி, ஷாஃப்டைத் தாங்கிச் சுழற்றி, அந்த நிலையிலேயே முகத்தை ஒரு மெல்லிய வெட்டு வெட்ட வேண்டும். வெட்டிய பிறகு கப்ளிங்கும் ஷாஃப்டும் எந்த நிலையில் பூட்டப்பட்டன என்று இரண்டிலும் குறி பொறித்துவிட வேண்டும்.

படகில் கடைசிச் சோதனையைக் கரையில் செய்யக்கூடாது. தண்ணீரில் இறங்கியதும் படகின் அடிவயிறு வடிவம் மாறும். ஆகவே படகு காரைக்காலின் அரசலாற்றில் மிதக்கும்போது, போல்ட் போடாத இரண்டு கப்ளிங் முகங்களுக்கும் இடையில் மேல், கீழ், இடம், வலம் என்று நான்கு இடத்தில் ஃபில்லர் கேஜ் நுழைத்து இடைவெளியை எழுத வேண்டும். 100 மில்லிமீட்டர் விட்டக் கப்ளிங்கில் வேறுபாடு 0.1-க்குள் இருப்பது நல்லது. கூடுதலாக இருந்தால், சக்கில் கேட்ட அதே கேள்வியை இங்கேயும் கேட்கலாம். இன்ஜின் பக்கத்தை அசைக்காமல் ஷாஃப்டை மட்டும் அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி அளக்க வேண்டும். பெரிய இடைவெளி ஷாஃப்டோடு சேர்ந்து மேலிருந்து கீழே போனால், குறை லேத்தில் நடந்தது. ஷாஃப்டைக் கழற்றிப் பட்டறைக்கு எடுத்துவர வேண்டும். ஷாஃப்ட் திரும்பியும் அந்த இடைவெளி மேலேயே நின்றால், ஷாஃப்டில் குறையில்லை. இன்ஜினின் அடித்தாங்கிக்குக் கீழே தகடு வைக்க வேண்டும்.